உடைந்த பானைகளின் பாடம்

கும்ப மாதம் நெருங்கும்போது திருவனந்தபுரத்தில் மண்பானைக்கு மவுசு வந்துவிடுகிறது. ஆற்றுக்கால் பகவதி கோயில் பொங்கல் நாளன்று பல கிலோமீட்டர் தூரத்துக்குச் சாலையோரமெல்லாம் செங்கல் அடுப்புகள். 1997ல் இந்தப் பொங்கலில் கலந்துகொண்ட பெண்கள் 15 லட்சம் பேர் என்று கின்னஸ் புத்தகம் பதிவு செய்தது. 2009ல் அந்த எண்ணிக்கை 25 லட்சமாயிற்று. உலோகப் பாத்திரத்தோடு வருபவர்களும் உண்டு. என்றாலும் புதுப் பானையில் பொங்குவதுதான் சம்பிரதாயம். திருவிழாவுக்குப் பல நாட்கள் முன்பே பானைகள் லாரிகளில் வந்திறங்கி நடைபாதைகளில் குவிகின்றன. எல்லை தாண்டித் தமிழ்நாட்டிலிருந்து வருபவையும் அவற்றில் ஏராளம்.

வாங்க வருபவர் பானையைத் தூக்கி விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுகிறார். 'டங்' என்று கேட்டால் நல்ல பானை. சத்தம் மழுங்கினால் எங்கோ கீறல். சோதனை ஒரு நொடியில் முடிந்துவிடும். அந்த 'டங்' சத்தத்தைத் தன் கையால் வரவழைக்க மண்பாண்டக் கலை பயில வந்த ஒருவருக்கு மாதங்கள், சிலருக்கு வருடங்கள்கூட ஆகின்றன. அந்தக் காலத்தில் பெரும்பகுதி பானை செய்வதில் கழிவதில்லை. செய்தது ஏன் உடைந்தது என்று தெரிந்துகொள்வதில் கழிகிறது.

முதல் பாடம் சக்கரத்தில் தொடங்குவதில்லை. மண் பிசைவதில் தொடங்குகிறது. சப்பாத்தி மாவு பிசைந்த கைக்கு இது சுலபம் என்றுதான் தோன்றும். ஆனால் மாவில் காற்றுக் குமிழ் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மண்ணில் இருந்தால் சக்கரத்தில் சுற்றும்போது அந்த இடத்தில் சுவர் நெளிந்து கிழியும். உருட்டி, அழுத்தி, மடித்து, மீண்டும் உருட்ட வேண்டும். மணிக்கட்டும் தோளும் வலிக்கும். சிற்பியாகும் கனவோடு வந்தவர் முதல் வாரத்தில் கூலிவேலை செய்வதாக நினைத்துக்கொள்வார்.

அடுத்தது மண் உருண்டையைச் சக்கரத்தின் நடு மையத்தில் நிறுத்துவது. பார்க்க ஒன்றுமே இல்லாத காரியம். பழகிய குயவர் கையை வைத்தவுடன் மண் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும், சக்கரம் சுற்றுவதே கண்ணுக்குத் தெரியாது. மாணவர் கை வைத்தால் உருண்டை ஒரு பக்கம் தள்ளாடி அவரையே உலுக்கும். பலம் போதவில்லை என்று நினைத்து இன்னும் அழுத்துவார். தள்ளாட்டம் அதிகமாகும். முழங்கையைத் தொடையிலோ இடுப்பிலோ ஊன்றி, கையை அசையாமல் வைத்துக்கொண்டு, மண்ணைத் தன்னிடம் வரவிடுவதுதான் உத்தி என்பதை ஆசிரியர் முதல் நாளே சொல்லியிருப்பார். அது காதில் விழுந்து உடம்பில் இறங்கப் பல வாரங்கள் ஆகும். நன்றாகப் படித்தவர்களே இங்கே அதிகம் திணறுகிறார்கள். புரிந்துவிட்ட ஒன்றைச் செய்ய முடியாமல் போவது அவர்களுக்குப் புதிய அனுபவம்.

மையம் பிடிபட்டு ஒருவழியாகக் கிண்ணம் ஒன்று எழும்பிவிட்டால் மாணவர் அதைக் குழந்தைபோலப் பார்த்துக்கொள்வார். பல பட்டறைகளில் அப்போதுதான் ஆசிரியர் கம்பியை எடுத்து அந்தக் கிண்ணத்தை நெடுக்காக இரண்டாக அறுத்துப் போடுவார். அறுத்த முகத்தில் எல்லாம் தெரியும். அடி தடித்திருக்கும், தோள் மெலிந்திருக்கும், விரல் அவசரப்பட்ட இடத்தில் பள்ளம் விழுந்திருக்கும். வெளியிலிருந்து அழகாகத் தெரிந்த பாத்திரம் உள்ளே ஒழுங்கில்லாமல் இருந்தது என்பதை வேறெந்த வகையிலும் காட்ட முடியாது. முதல் தடவை மாணவருக்குக் கண் கலங்கும். சில மாதங்களில் அவரே கம்பியை எடுத்துத் தன் பாத்திரத்தை அறுத்துப் பார்க்கத் தொடங்குவார். அவர் வளரத் தொடங்கிவிட்டார் என்பதற்கு அதுதான் முதல் அடையாளம்.

மண்ணைப் பற்றிய பாடத்துக்குத் திருவனந்தபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கடினம். நகரத்துக்கு வடக்கே, மகாகவி குமாரன் ஆசான் வாழ்ந்த தோன்னைக்கல் பகுதியில், செம்புறைப் பாறைக்கு அடியில் வெள்ளை வெளேரென்று படிந்திருக்கிறது சீனக் களிமண். பல கோடி ஆண்டுகளாகப் பாறை சிதைந்து சிதைந்து உருவான மண் அது. காகிதத்துக்கு மெருகேற்றவும் பெயிண்டில் கலக்கவும் பீங்கான் செய்யவும் அதைப் பல ஆண்டுகளாக வெட்டியெடுத்தார்கள். பாப்பனங்கோட்டில் 1970களில் தொடங்கிய மத்திய அரசின் ஆராய்ச்சிக்கூடம் களிமண்ணையும் செராமிக் பொருள்களையும் ஆராய்ந்து வந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேர் கொண்ட நுண்கலைக் கல்லூரியும் இதே நகரத்தில் இருக்கிறது.

இந்த வெள்ளை மண் மாணவருக்கு ஒரு வேடிக்கையான பாடத்தைச் சொல்லித் தருகிறது. சுத்தமான மண்தான் சிறந்த மண் என்று நினைத்து அதைத் தனியாகச் சக்கரத்தில் போட்டால், அது வளைய மறுத்து வெடிக்கும். துகள் சற்றுப் பெரியது, அதனால் இழுவை குறைவு. வயலிலும் குளத்திலும் எடுக்கும் சாதாரணக் களிமண்ணோ நீரோடு நெடுந்தூரம் உருண்டு வந்து நுண்ணிய துகளாகி, இரும்பும் இன்னபிற கலப்பும் சேர்ந்து சொன்னபடி கேட்கும். ஆனால் அதை 1,250 டிகிரிக்குச் சூடேற்றினால் பானை நிற்காது, தளர்ந்து உருகிவிடும். வெள்ளை மண் அந்தச் சூட்டை அலட்சியமாகத் தாங்கும். ஒன்றுக்கு வளையத் தெரியும், மற்றதற்குத் தாங்கத் தெரியும். இரண்டு குணமும் வேண்டுமென்றால் இழுவையுள்ள களிமண், வெள்ளை மண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் எல்லாவற்றையும் அளந்து கலக்க வேண்டும். எந்த அளவில் என்பதற்கு ஊருக்கு ஊர் வேறு வேறு விடை.

கேரளத்தின் மழையும் ஓர் ஆசிரியர்தான். இடவப்பாதியில் தொடங்கும் மழை ஓய்வதற்குள் துலாவர்ஷம் வந்துவிடும். ஈரக்காற்றில் பானை காய நாளாகும். மேலே தொட்டால் உலர்ந்திருக்கும், அடியில் ஈரம் பதுங்கியிருக்கும். பொறுமையிழந்து வெயிலிலோ மின்விசிறிக்கு அடியிலோ வைத்தால் வாய் விளிம்பு முதலில் காய்ந்து சுருங்கும். அடி இன்னும் ஈரமாக இருக்கும். இரண்டுக்கும் நடக்கும் இழுபறியில் விரிசல் விழும். சக்கரத்தில் அடிப்பகுதியை அழுத்திவிட மறந்திருந்தால் பாத்திரத்தின் நடுவில் பாம்புபோல வளைந்த ஒரு கீறல் தோன்றும். பத்து நாட்களுக்கு முன் கை செய்த பிழை அன்றுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

சூளை இன்னும் கண்டிப்பானது. ஒளிந்திருந்த ஈரம் 100 டிகிரியில் நீராவியாகும். வெளியேற வழியில்லாவிட்டால் பாத்திரத்தை வெடித்துக்கொண்டு வரும், பக்கத்தில் இருப்பவர் செய்த பாத்திரத்தையும் சேர்த்து உடைக்கும். 573 டிகிரியில் மண்ணுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் சட்டென்று தன் அமைப்பை மாற்றிக்கொண்டு விரியும். ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அந்தக் கட்டத்தை நிதானமாகக் கடக்க வேண்டும். இரவெல்லாம் காத்திருந்து எரித்தவருக்கு மறுநாளே கதவைத் திறந்து பார்க்கும் ஆசை வரும். சூடு தணியுமுன் திறந்தால் குளிர்ந்த காற்று பட்டு ஒவ்வொன்றாகக் 'கிளிங்' என்று விரிசல் விடும். பாத்திரம் உருவாகிவிட்ட பிறகு நேர்கின்ற இந்த இழப்பை எந்த மாணவரும் மறப்பதில்லை.

மெருகுப் பூச்சு இன்னொரு பள்ளிக்கூடம். வாளியில் சாம்பல் நிறச் சேறாக இருக்கும் கலவை சூளையிலிருந்து எந்த நிறத்தில் வரும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. தாமிர ஆக்ஸைடு கலந்த பூச்சு, காற்று தாராளமாகக் கிடைக்கும் சூளையில் பச்சையாகும். காற்றைக் குறைத்துப் புகையவிட்டால் அதுவே ரத்தச் சிவப்பாகும். இரும்பு ஆக்ஸைடு ஒரு சூளையில் தேன் நிறம், இன்னொன்றில் வெளிர் பச்சை. கண்ணாடியாகும் மணல், அதை உருகவைக்கும் பொருள், வழியாமல் பிடித்து நிறுத்தும் அலுமினா ஆகிய மூன்றின் கணக்கில் உருகவைக்கும் பொருள் கூடிவிட்டால் பூச்சு வழிந்து பாத்திரத்தைத் தட்டோடு ஒட்டிவிடும். அதனால்தான் அனுபவசாலிகளின் பட்டறைச் சுவரில் அழகான ஜாடிகளைவிட, எண் எழுதிய சின்னச் சின்னச் சோதனைத் துண்டுகள் அதிகம் தொங்குகின்றன. நோட்டுப் புத்தகம் இல்லாதவருக்கு அந்தத் துண்டுகளால் பயனில்லை. எது, எவ்வளவு, எந்தச் சூட்டில், எத்தனை மணி நேரம் என்று எழுதிவைத்தவருக்குத்தான் இன்றைய தோல்வி நாளைய சூத்திரமாகும்.

இந்த நோட்டுப் புத்தகத்தை இந்திய மாணவர்களுக்காக அச்சில் கொண்டுவந்தவர் நிர்மலா பட்வர்தன். சாந்திநிகேதனில் படித்து, ஜெர்மனியில் பயின்று, இங்கிலாந்தில் பெர்னார்ட் லீச்சின் பட்டறையில் பழகியவர். வெளிநாட்டுப் புத்தகங்களில் இருந்த சூத்திரங்கள் இங்கே அப்படியே பலிக்கவில்லை. நம்முடைய மண் வேறு, கல் வேறு. இந்தியச் சந்தையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு மறுபடி மறுபடி சோதித்து அவர் எழுதிய கையேடு 1980களில் வெளிவந்தது. அவருக்கு முந்தைய தலைமுறையில் குர்சரண் சிங் முதல் உலகப் போர் முடிந்த கையோடு ஜப்பானுக்குப் போய் இந்தக் கலையைக் கற்று வந்தார். பிறகு தில்லியில் தன் பட்டறையை நிறுவிப் பல தலைமுறை மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது 1991ல், முதுமையில்.

தமிழ் மண்ணுக்கு நெருக்கமான உதாரணம் பாண்டிச்சேரியில் இருக்கிறது. 1971ல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற அமெரிக்கர்கள் அங்கே தொடங்கிய 'கோல்டன் பிரிட்ஜ்' பட்டறை, இந்தியாவின் இன்றைய மண்பாண்டக் கலைஞர்கள் பலருக்குத் தாய்வீடு. டெபோரா ஜப்பானில் பயின்றவர். அவர்கள் வந்தபோது உயர்ந்த சூட்டில் சுடும் கலங்களுக்கு வேண்டிய ஆயத்த மண்ணோ சூளையோ இங்கே கடையில் கிடைப்பதில்லை. இந்தியப் பொருள்களைக் கலந்து மண் தயாரித்தார்கள். சூளையையும் தாங்களே கட்டிச் சவுக்குக் கட்டையால் எரித்தார்கள். உள்ளூர் இளைஞர்களைப் பழக்கினார்கள். 1980களிலிருந்து மாணவர்கள் வந்து மாதக்கணக்கில் தங்கிப் படித்தார்கள். வந்தவர்களில் கட்டடக் கலைஞர்களும் உண்டு, வேறு வேலையை விட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு. 2018ல் ஜெய்ப்பூரில் முதல் தடவையாக இந்திய செராமிக்ஸ் டிரைனாலே என்ற பெரிய கண்காட்சி நடந்தபோது அதை முன்னின்று நடத்தியவர்களில் இந்தப் பட்டறையின் பழைய மாணவர்கள் பலர் இருந்தார்கள். அங்கே மாணவருக்குக் கிடைத்த மிகப் பெரிய வசதி, மறுபடி மறுபடி செய்து பார்க்கப் போதிய மண்ணும் சூளையும் நாட்களும்தான்.

பரம்பரைக் குயவர் வீட்டுப் பிள்ளைக்கு இந்த வசதி ஒரு காலத்தில் கேட்காமலே கிடைத்தது. தொட்டிலிலிருந்து இறங்கியதும் விளையாடக் களிமண். பத்து வயதில் செய்து கெடுத்த சட்டியை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை, பிசைந்து மறுபடி குவியலில் போட்டுவிடுவார்கள். அப்பாவின் சூளையில் ஒரு மூலையில் அதுவும் வேகும். கட்டணமில்லாமல் தவறு செய்யலாம். ஆனால் இந்தப் பள்ளிக்கூடத்திலும் பாதிப் பேருக்கு அனுமதி இருந்ததில்லை. நாட்டின் பல பகுதிகளில் பெண்கள் மண் மிதிப்பார்கள், பிசைவார்கள், வண்ணம் தீட்டுவார்கள், சந்தைக்குச் சுமந்து போய் விற்பார்கள். சக்கரத்தை மட்டும் தொடக்கூடாது. சக்கரமே இல்லாமல் பெண்கள் பானை செய்யும் மணிப்பூரின் ஆன்ட்ரோ போன்ற ஊர்கள் இதற்கு விதிவிலக்கு.

அந்த வீட்டுப் பள்ளிக்கூடமும் இப்போது மூடிக்கொண்டு வருகிறது. அலுமினியம் வந்து சமையலறையிலிருந்து சட்டியை விரட்டியது பழைய கதை. இப்போது மண்ணே கிடைப்பதில்லை. வயல்கள் வீட்டுமனைகளாகிவிட்டன. மிச்சமிருப்பதைக் காப்பாற்றக் கேரளம் 2008ல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அவசியமான சட்டம்தான். ஆனால் லாரி லாரியாக மண் அள்ளும் வியாபாரியையும் கூடையில் அள்ளும் குயவரையும் ஒரே கண்ணால் பார்த்தால் கூடைக்காரர்தான் முதலில் நொடிந்துபோவார்.

நிலம்பூருக்கு அருகிலுள்ள அருவாக்கோடு கிராமத்தில் இந்த நெருக்கடி முன்பே வந்தது. தெலுங்கு பேசும் குயவர்கள் வாழும் ஊர். பானை விற்காமல் வறுமை முற்றிய நிலையில், 1993ல் அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் பயின்ற கே.பி. ஜினன் அங்கே போனார். சமையல் சட்டியைத் தாண்டி விளக்கு, தோட்டத்துக்கான கலங்கள், கட்டடச் சுவருக்கான சுடுமண் சித்திரங்கள் என்று புதிய பொருள்களைச் செய்யத் தொடங்கினார்கள். 'கும்பம்' என்று பெயர் வைத்தார்கள். பெண்கள் பெருமளவில் முன்னுக்கு வந்தார்கள். வெளியிலிருந்து வந்தவர் வடிவத்தை வரைந்து கொடுத்து 'இதைச் செய்' என்று சொல்லக்கூடாது, அவர்கள் கைக்குத் தெரிந்ததிலிருந்து அவர்களே கண்டுபிடிக்க வேண்டும் என்பது ஜினனின் பிடிவாதம். தலைமுறை தலைமுறையாகக் குயவராக இருந்தவர்கள் நடுவயதில் மாணவராக வேண்டியிருந்தது. பழகாத வடிவம் உடைந்தால் அன்றைய கூலி போயிற்று. அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ள ஒரு ஏற்பாடு இருந்ததால்தான் அவர்களால் புதியதைத் தொட முடிந்தது.

நகரத்து மாணவருக்கு இப்போதுள்ள சிக்கலும் இதேதான், வேறு உருவத்தில். சென்னையில் 1850ல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப் பள்ளி அந்த நாளிலேயே மண்பாண்ட வேலையைப் பாடமாக எடுத்துக்கொண்டது. அதன் வாரிசான அரசு கவின்கலைக் கல்லூரியில் செராமிக் துறை இன்றும் உண்டு. அகமதாபாத்தில் முதுநிலைப் படிப்பு உண்டு. இவற்றில் இடம் கிடைக்காதவர்களுக்கு நகரந்தோறும் முளைத்திருக்கும் வாரக்கடைசி வகுப்புகள். இரண்டு நாளில் ஒரு கோப்பை செய்து, வண்ணம் தீட்டி, படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அதில் தப்பேதும் இல்லை, மண்ணைத் தொட்ட சந்தோஷமாவது மிஞ்சும். ஆனால் அங்கே எதுவும் உடையாமல் ஆசிரியர் பார்த்துக்கொள்கிறார். காசு கொடுத்து வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப முடியாதே. கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம் அத்தோடு கைநழுவிப் போகிறது.

அதைத் தாண்டிப் போக நினைக்கும் மாணவர், மண் மூட்டைக்குப் பணம் கட்ட வேண்டும். சூளையில் இடம் பிடிக்கப் பணம் கட்ட வேண்டும். கேஸ் விலையோ மின்கட்டணமோ தனி. ஒரு சூளை கெட்டால் ஒரு மாதச் செலவு சாம்பலாகும். எனவே தெரிந்ததையே திரும்பச் செய்வதுதான் பத்திரம் என்று ஆகிவிடுகிறது. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறது. திறமை போதாமல் நின்றவர்களைவிடத் தோற்பதற்குக் காசு போதாமல் நின்றவர்களே அதிகம் இருக்கக்கூடும்.

குயவனுக்குப் பல நாள் வேலை, தடிக்காரனுக்கு ஒரு நாள் வேலை என்பது பழமொழி. மாணவர் விஷயத்தில் அந்தத் தடி செலவுக் கணக்கின் வடிவில் வருகிறது. இதற்கு மாற்று மிகப் பெரிய திட்டமாக இருக்க வேண்டியதில்லை. பலர் பங்கிட்டு எரிக்கும் ஒரு பொதுச் சூளை போதும். மண் எடுக்க உரிமம் பெற்ற ஒரு குளம், அங்கே பரம்பரைக் குயவர் சம்பளம் வாங்கும் ஆசிரியராகவும் கல்லூரி மாணவர் அவரிடம் பயில்பவராகவும் உட்கார ஓர் இடம், வெள்ளை மண்ணைச் சோதித்த ஆராய்ச்சிக்கூடத்தின் குறிப்புகள் அவர்கள் மொழியில் என்று அத்துடன் சேர்த்துக்கொள்ளலாம். வெள்ளை மண்ணும் விஞ்ஞானமும் கலைக் கல்லூரியும் பானைக்கு இத்தனை மரியாதையும் ஒரே ஊரில் இருக்கும் திருவனந்தபுரத்தில் இதைத் தொடங்குவது பொருத்தமாக இருக்கும்.

படிப்பு முடியும்போது மாணவர்கள் கண்காட்சி வைப்பது வழக்கம். தேறிய ஜாடிகளும் கிண்ணங்களும் விளக்கு வெளிச்சத்தில் மேஜை மேல் நிற்கும். தேர்வு வைக்கிறவர் அவற்றைப் பார்த்து மார்க் போடுவதோடு இன்னொன்றும் செய்யலாம். அந்த வருடம் சூளையிலிருந்து உடைந்து வந்தவற்றை ஒரு கூடையில் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றும் ஏன் உடைந்தது என்று கேட்கலாம். அடி அழுத்தாததா, காய்ச்சலில் அவசரமா, மண் கலவையா, சூளையின் கதவைச் சீக்கிரம் திறந்ததா? தடுமாறாமல் விடை சொல்கிறவருக்குத் தொழில் கைவந்துவிட்டது. கூடை காலியாக இருந்தால், அவர் இன்னும் கொஞ்ச காலம் படிக்க வேண்டியிருக்கிறது.